கொள்ளைக்காரனுக்கு எதற்குக் கண்ணாடிக் கவசம்?

காட்டுப் பாதையில் ஒரு வழிப்பறிக்காரன் குறுக்கே வந்து நிற்கிறான். 100 பொற்காசு கேட்கிறான். கொடுக்காவிட்டால் உயிர் போகும் என்கிறான். சரி, வழிப்பறிக்காரன் என்றால் அப்படித்தான் கேட்பான். ஆனால் அவன் போட்டிருப்பதைப் பாருங்கள்! தலையிலிருந்து கால் வரை பச்சையாக மின்னும் கண்ணாடிக் கவசம். அந்த நாட்டில் எடை குறைந்த கவசங்களிலேயே உச்சம் அதுதான். விற்றால் ஆயிரக்கணக்கில் காசு கிடைக்கும். தலைநகரத்தின் நீர்க்கரையில் 2000 காசுக்கு ஒரு குடிசை விலைக்கு வருகிறது. மார்புக் கவசத்தை மட்டும் விற்றால் கூட அதை வாங்கிக் கொண்டு மீன் பிடித்துப் பிழைக்கலாம். இவனோ அத்தனையையும் மாட்டிக்கொண்டு, நடுக்காட்டில் நின்று, 100 காசுக்காகச் சாகத் தயாராக இருக்கிறான்.

என்ன கொடுமை இது!

இந்தக் கொடுமையின் பெயர் ஆப்லிவியன். த எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் நான்காவது கேம். அமெரிக்காவின் பெதஸ்டா கம்பெனி 2006 மார்ச்சில் வெளியிட்டது. கைதியாகச் சிறையில் தொடங்கி, கொலையாகப் போகும் சக்கரவர்த்தியைச் சந்தித்து, சாக்கடை வழியாக வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு நாடு விரிந்து கிடக்கும். எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாராக வேண்டுமானாலும் ஆகலாம். அந்த வருடம் அதைப் பார்த்து வாய் பிளக்காத ஆள் கிடையாது. விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடும் மெட்டாக்ரிட்டிக்கில் 100-க்கு 94.

அந்த 94-ஐத்தான் இன்றுவரை கேடயமாகப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். யாராவது ஆப்லிவியனில் ஒரு குறை சொன்னால் போதும், "இவ்வளவு பேர் ரசித்ததில் உனக்கு மட்டும் என்ன வந்தது?" என்று பாய்வார்கள். குறை சொல்பவனுக்குப் புலம்பல் பேர்வழி, நன்றி கெட்டவன், பழைய கேமையே கட்டிக்கொண்டு அழுபவன் என்று பட்டங்கள் வேறு. ஆனால் 2006-ல் அந்தப் புலம்பல் பேர்வழிகள் சொன்னதை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியே பிறகு செய்த காரியங்கள்தான் அதற்குச் சாட்சி.

சம்பளமும் விலைவாசியும்

முதல் குறை, லெவல் ஸ்கேலிங். இந்த மாதிரி கேம்களில் ஆட்டக்காரனின் பாத்திரம் அனுபவம் சேரச் சேர லெவல் ஏறும். 1-ல் தொடங்குபவன் 10, 20 என்று வளர்வான். ஆப்லிவியனில் விஷயம் என்னவென்றால், அவன் வளரும்போது ஊரே சேர்ந்து வளர்கிறது. 2-ம் லெவலில் தோல் உடை, துருப்பிடித்த வாள் என்று திரிந்த கொள்ளையர்கள் 20-ம் லெவலைத் தாண்டியதும் கண்ணாடிக் கவசத்துக்கு மாறிவிடுவார்கள். கனமான கவசம் போடும் கூட்டம் டேட்ரிக் கவசத்துக்குத் தாவிவிடும். டேட்ரிக் என்றால் அசுர உலகத்துச் சரக்கு. கதைப்படி உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும்! ஓநாய் திரிந்த பாதையில் மலைச்சிங்கம் வரும், அப்புறம் மினோட்டார் வரும். சில பூதங்களுக்கு ஆட்டக்காரனின் லெவலைக் கணக்குப் பார்த்தே உயிர்ப்புள்ளிகள் கூடிக்கொண்டு போகும்.

காமர்ஸ் படிக்கிற எவனுக்கும் இது உடனே புரியும். சம்பளம் இரட்டிப்பானது, விலைவாசியும் இரட்டிப்பானது. கையில் இருக்கும் நோட்டு கூடியிருக்கிறது, அதை வைத்து வாங்கக்கூடிய அரிசி கூடவில்லை. இதைப் பணவீக்கம் என்று முதல் வருடப் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆப்லிவியனில் இருப்பது லெவல்வீக்கம். 40 மணி நேரம் உட்கார்ந்து ஆடியவனுக்கு எண்ணாகப் பார்த்தால் பெரிய முன்னேற்றம். வாளை எடுத்து வீசினால் பழைய கதைதான்.

அதை விட மோசம், பல நேரம் பின்னேற்றம். க்வாட்ச் என்று ஒரு நகரம். அசுர உலகத்து வாசல் திறந்து ஊரையே எரித்துவிட்டிருக்கும். முக்கியக் கதையின் முதல் பெரிய சண்டை அங்கேதான். புதிதாக ஆடுபவனுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் புத்திமதி என்ன தெரியுமா? லெவல் ஏறுவதற்குள் க்வாட்ச்சை முடித்துவிடு. ஆரம்பத்திலேயே போனால் சின்னச் சின்ன அசுரர்கள்தான் எதிரே வருவார்கள். ஊரெல்லாம் சுற்றி, பயிற்சி எடுத்து, பலசாலியாகித் தயாராகப் போனால் பெரிய தலைகள் காத்திருக்கும். கூடச் சண்டை போட வரும் நகரத்துச் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாகச் சாவார்கள். தயார் செய்து கொண்டு போனவனுக்குத் தண்டனை, தயாராகாமல் போனவனுக்குப் பரிசு! எந்த ஊர் நியாயம் இது?

பரிசு என்றதும் இன்னொன்று. சில்ரெண்ட் என்று ஒரு பனி வாள், ஒரு சின்ன வேலையை முடித்தால் கிடைக்கும். அது எவ்வளவு வலுவானது என்பது அந்த வேலையை எந்த லெவலில் முடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 3-ம் லெவலில் வாங்கிவிட்டால் கடைசி வரை அந்த நோஞ்சான் வாள்தான். பிறகு வளரவே வளராது. கொள்ளையனின் கவசம் வளர்கிறது, பூதத்தின் உயிர் வளர்கிறது, ஆட்டக்காரன் உழைத்து வாங்கிய வாள் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆக விஷயம் தெரிந்தவன் என்ன செய்கிறான்? பிள்ளைகளைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சும் பெரியவரிடம் "25-ம் லெவலில் வருகிறேன், அதுவரை பொறுத்துக் கொள்ளுங்கள்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான். கதையில் மூழ்கடிக்க வேண்டிய கேம், ஆட்டக்காரனைக் கதையிலிருந்து வெளியே பிடித்துத் தள்ளுகிறது.

தூங்காதே வீரா தூங்காதே

இரண்டாவது குறை இன்னும் வேடிக்கை. லெவல் ஏறும் கணக்கே தலைகீழ்.

ஆப்லிவியனில் மொத்தம் 21 திறமைகள். வாள்வீச்சு, வில், மந்திரம், பூட்டுத் திறப்பது, வியாபாரம், குதிப்பது என்று. அதில் 7 திறமைகளை முக்கியமானவை என்று தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஏழிலும் சேர்த்து 10 படி ஏறியதும், ஒரு கட்டிலைத் தேடித் தூங்கினால் அடுத்த லெவல். அப்போது வலிமை, தாங்குதிறன், வேகம் போன்ற 8 அடிப்படைத் தகுதிகளில் மூன்றைக் கூட்டிக் கொள்ளலாம். எவ்வளவு கூடும்? அங்கேதான் வினை. அந்தத் தகுதிக்குக் கீழே வரும் திறமைகளை இந்த லெவலுக்குள் எத்தனை படி ஏற்றினோம் என்பதைப் பொறுத்து 1 முதல் 5 வரை கூடும். 10 படி ஏற்றியிருந்தால்தான் முழு 5.

கணக்குப் போடுங்கள். மூன்று தகுதிகளிலும் முழு 5 வேண்டுமென்றால் 30 படிகள் ஏற வேண்டும். ஆனால் முக்கியத் திறமைகளில் 10 படி ஏறினாலே லெவல் முடிந்துவிடும். ஆக மீதி 20 படிகளை முக்கியமில்லாத திறமைகளில்தான் ஏற்ற வேண்டும். இதன் அர்த்தம் என்ன? எதில் கெட்டிக்காரனாக இருக்க ஆசையோ அதை முக்கியத் திறமையாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது! வாள்வீரனாக ஆட நினைப்பவன் வாளை ஏழுக்குள் சேர்க்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஆகிவிட்டது. ஆட்டக்காரர்கள் பக்கத்தில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, இன்று கேடயம் 6, சுத்தியல் 4 என்று பற்று வரவு எழுதினார்கள். சேற்று நண்டு ஒன்றைக் கொல்லாமல் அதனிடம் அடி வாங்கிக் கொண்டே நின்று கவசத் திறமையை ஏற்றினார்கள். சுவரைப் பார்த்து மந்திரம் போட்டார்கள். தாங்குதிறனை முதலில் ஏற்றாவிட்டால் பிறகு வருத்தப்படத்தான் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு லெவலிலும் கூடும் உயிர்ப்புள்ளி அந்த நேரத்துத் தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்கு. விட்டது விட்டதுதான், அரியர்ஸ் எல்லாம் கிடையாது.

இந்தக் கணக்கெல்லாம் தெரியாத அப்பாவி என்ன ஆவான்? குதிப்பதை முக்கியத் திறமையாக எடுத்துவிட்டு, ஜாலியாகக் குதித்துக் குதித்து ஊர் ஊராகப் போகிறான். குதிக்கக் குதிக்க லெவல் ஏறுகிறது. லெவல் ஏற ஏற நாட்டில் உள்ள கொள்ளையன் எல்லாம் வலுவாகிறான். இவன் வாள் பிடித்த கையோ பழைய கைதான். அதே போல மருந்து கலப்பது, பேரம் பேசுவது, பேச்சுத் திறமை என்று எடுத்துக்கொண்டு நல்ல வியாபாரியாக வாழ நினைத்தவன் கதி அதோகதி. பத்து மருந்துக் குப்பி விற்று முன்னுக்கு வந்த பாவத்துக்கு, அடுத்த தடவை சந்தைக்குப் போகும் வழியில் மினோட்டார் முட்டிச் சாகிறான். யாராக வேண்டுமானாலும் ஆகலாம் என்று பெட்டியில் போட்டு விற்ற கேம் இது.

இதற்கெல்லாம் சிலர் கண்டுபிடித்த எளிய வழி, தூங்காமலே இருப்பது. கட்டிலில் படுத்தால்தானே லெவல் ஏறும்? படுக்காவிட்டால்? மிகக் குறைந்த லெவலிலேயே கேமின் பெரும்பகுதியை முடிக்கலாம். வளர்ச்சியை மையமாக வைத்த கேமில், வளராமல் இருப்பது ஒரு நல்ல உத்தி! இதை விடப் பெரிய குற்றப்பத்திரிகை எதற்கு?

வக்கீல்களின் வாதங்கள்

கேமுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் வழக்கமாக நான்கு வாதங்கள் வைப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"கடினமாக இருந்தால் கஷ்ட அளவைக் குறைத்துக் கொள்ள வேண்டியதுதானே, ஆப்ஷன்ஸில் ஸ்லைடர் இருக்கிறதே." இருக்கிறது. அது என்ன செய்யும்? நீங்கள் கொடுக்கும் அடியையும் வாங்கும் அடியையும் கூட்டிக் குறைக்கும். கொள்ளையன் கழுத்தில் இருக்கும் கண்ணாடிக் கவசத்தைக் கழற்றுமா? குறைந்த லெவலில் வாங்கிய வாளை வளர்க்குமா? குறை சொன்னவர்கள் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அர்த்தமில்லாமல் இருக்கிறது என்றார்கள். பசிக்கிறது என்பவனுக்கு விசிறி கொடுத்த கதைதான் ஸ்லைடர்.

"எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற கேமில் வேறு என்னதான் செய்ய முடியும்? தெரியாமல் போய்ச் சாக மாட்டானா?" இது கொஞ்சம் கனமான வாதம், ஒதுக்க முடியாது. எந்தத் திசையில் போனாலும் தனக்கேற்ற சண்டை கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் இதைச் செய்திருக்க வேண்டும். ஆனால் சாவதற்குப் பயந்தவர்களா ஆட்டக்காரர்கள்? ஜெர்மனியில் 2001-ல் வந்த காதிக் என்ற கேமில் ஊருக்கு வெளியே நாலடி வைத்தால் ஒரு சாதாரண விலங்கு கடித்தே கொன்றுவிடும். ஓடி வந்து, கற்றுக்கொண்டு, நாள் கழித்து அதே இடத்துக்குப் போய் அதே விலங்கை இரண்டே அடியில் சாய்க்கும்போது வருகிறதே ஒரு திருப்தி, அதற்காகத்தான் ஆடுகிறார்கள். பெதஸ்டாவே 2011-ல் விட்ட ஸ்கைரிமில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. மாமூத் யானை மேய்க்கும் ராட்சதர்கள் அங்கே எப்போதும் 32-ம் லெவல். புதியவன் போய் வம்பிழுத்தால் ஒரே அடியில் வானத்துக்குப் பறப்பான். அதைத் திட்டினார்களா? விழுந்து விழுந்து சிரித்தார்கள், நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பிறகு பலம் சேர்த்துத் திரும்பிப் போய்க் கணக்குத் தீர்த்தார்கள். உலகம் தன்னை விடப் பெரியது என்று தெரிந்தால்தான் அதில் வளர்வதற்கு ஓர் அர்த்தம்.

"ஒரு சிலர்தான் கத்துகிறார்கள், மீதிப் பேர் சந்தோஷமாக ஆடுகிறார்கள்." நூறு மணி நேரம் ஆடியவனுக்குத்தான் 25-ம் லெவலில் என்ன நடக்கும் என்று தெரியும். பத்து மணி நேரத்தில் நிறுத்தியவன் கண்ணாடிக் கவசக் கொள்ளையனைப் பார்த்தே இருக்க மாட்டான். அஸ்திவாரத்தில் விரிசல் இருக்கிறது என்று சொல்ல, வீட்டில் குடியிருந்தவன்தான் வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் எண்ணிக்கையைக் காட்டி என்ன பிரயோஜனம்?

"நன்றாக விற்றதே, விருது வாங்கியதே." விற்றது. அந்தக் காட்டுக்காகவும் மலைக்காகவும், இருட்டு சகோதரர்கள் கூட்டத்தின் கொலைக் கதைகளுக்காகவும் விற்றது. அவையெல்லாம் அற்புதம் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஒரு கம்பெனி லாபம் காட்டியிருக்கிறது என்பதற்காக அதன் கணக்கில் தப்பே இருக்காது என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். இன்னும் சொல்லப் போனால், விரும்பியவன்தான் அதிகம் திட்டுவான். பிடிக்காதவன் சிடியைக் கழற்றித் தூர வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பான்.

குதிரைக்குக் கவசம், ஆட்டக்காரனுக்கு?

சரி, குறையைச் சொன்னார்கள். யார் தீர்த்து வைத்தது?

ஆட்டக்காரர்களேதான். ஓஸ்குரோஸ் ஆப்லிவியன் ஓவர்ஹால் என்று ஒரு மோட், அதாவது கேமை மாற்றி அமைக்கும் தொகுப்பு. காசு எதுவும் வாங்காமல், உலகத்தையே புரட்டிப் போட்டது. பயங்கரமான குகை எப்போதும் பயங்கரம், கொள்ளையன் எப்போதும் கொள்ளையன், நல்ல கவசம் வேண்டுமென்றால் அதற்குரிய ஆபத்தான இடத்துக்குப் போ என்று ஒழுங்கு செய்தது. லெவல் கணக்கை நேராக்கவும் தனித்தனியாகப் பல மோட்கள் வந்தன. நோட்டுப் புத்தகம் தேவைப்படாமல் போனது. எந்தப் புலம்பலைச் சின்னப்பிள்ளைத்தனம் என்றார்களோ, அதே புலம்பல்தான் இந்த மோட்களுக்கெல்லாம் வரைபடம்.

பெதஸ்டாவுக்கு இதில் ஒரு நல்ல பங்கு உண்டு. மோட் செய்வதற்கான கருவியை கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததே அவர்கள்தான். அதற்கு ஒரு சலாம். ஆனால் எக்ஸ்பாக்ஸ் 360-லும், 2007-ல் வந்த பிளேஸ்டேஷன் 3 பதிப்பிலும் ஆடியவர்களுக்கு அந்த வழி கிடையாது. அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். அவர்களுக்குக் கம்பெனி செய்தால்தான் உண்டு.

கம்பெனி முதலில் என்ன செய்தது? 2006 ஏப்ரலில், கேம் வந்து சில வாரங்களில், குதிரைக்குக் கவசம் விற்றது. எக்ஸ்பாக்ஸில் 2.50 டாலர். நிஜக் காசு! வீரன் வளர்ந்தும் வளராமல் தவிக்கிறான் என்று ஒரு பக்கம் கூப்பாடு, இந்தப் பக்கம் குதிரைக்குத் தங்கச் சட்டை. உலகம் முழுக்கச் சிரித்தார்கள். கேம் துண்டு துண்டாக விற்கப்படுவதற்கு அடையாளச் சின்னமாகவே அந்தக் குதிரைக் கவசம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நல்ல கூடுதல் கதைகளும் வந்தன, குறிப்பாக 2007-ன் ஷிவரிங் ஐல்ஸ் பிரமாதம். ஆனால் அதிலும் அடிப்படைக் கணக்கு அப்படியே இருந்தது.

வலி சொன்னவன் பொய் சொல்லவில்லை

இங்கே ஆட்டக்காரர்கள் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த லெவல்வீக்கம் திடீரென்று ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு முந்தைய கேம் மாரோவிண்ட், 2002. அதில் வாள் எதிரியின் உடம்பில் பட்டது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே உருளும் பகடை சரியில்லை என்றால் படவில்லை என்று கணக்காகும். ஆட்டக்காரர்கள் திட்டினார்கள். ஆப்லிவியனில் வாள் பட்டால் பட்டதுதான் என்று மாற்றினார்கள். தலைக்கு மேலே கத்திக்கொண்டே துரத்தும் க்ளிஃப் ரேசர் என்ற பறவை மாதிரி ஜந்து உயிரை வாங்கியது. அதையும் திட்டினார்கள். ஜியுப் என்ற ஒரு மனிதர் அவற்றையெல்லாம் அந்தத் தீவை விட்டே துரத்தி மகான் பட்டம் வாங்கிவிட்டதாக அடுத்த கேமில் கதையே கட்டிவிட்டார்கள் :-) மாரோவிண்டில் கொஞ்சம் பலமானதும் எதிர்த்து நிற்க ஆளே இல்லை என்பதும் ஒரு குறையாக இருந்தது. ஆப்லிவியனில் எதிரியும் கூடவே வளர்கிறான்.

ஆக பெதஸ்டா காது கேட்காத கம்பெனி கிடையாது. கேட்டது. சவால் இல்லை என்ற வலி நிஜம், அதற்குக் கொடுத்த மருந்துதான் தப்பு. எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொல்வதில் பொய் இருக்காது. என்ன மாத்திரை என்று நோயாளியே சொன்னால் அதை நம்ப வேண்டிய அவசியமில்லை, அது டாக்டர் வேலை. ஆட்டக்காரன் கேட்கும் தீர்வையெல்லாம் அப்படியே செய்தால் கேம் நாசமாகும் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சாக்காக வைத்து, வலிக்கவே இல்லை, உன் கற்பனை என்று சொல்வது டாக்டருக்கு அழகா? 2006-ல் குறை சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில் பல நேரம் அதுதான். கம்பெனி சொன்னதை விட, கம்பெனிக்காகச் சண்டை போட்ட சக ஆட்டக்காரர்கள் சொன்னது அதிகம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2008-ல் பெதஸ்டாவின் ஃபாலவுட் 3-ல் இடத்துக்கு இடம் லெவலுக்கு வரம்பு வைத்தார்கள். 2011 ஸ்கைரிமில் இன்ன குகை இந்த லெவலுக்குக் கீழே இறங்காது, அதற்கு மேலே ஏறாது என்று வகுத்தார்கள். அந்த எட்டுத் தகுதிகள், கூட்டல் கணக்கு எல்லாம் மூட்டை கட்டப்பட்டன. உயிர், மந்திரம், தெம்பு மூன்றில் ஒன்றைக் கூட்டிக்கொள், போ என்றார்கள். பொய்யான குறைக்கு எந்தக் கம்பெனியாவது இவ்வளவு செலவு செய்து மருந்து தேடுமா?

2025 ஏப்ரல் 22 அன்று ஆப்லிவியனே புது மெருகோடு திரும்பி வந்தது, ரீமாஸ்டர்ட் என்ற பெயரில். விர்ச்சுவோஸ் கம்பெனியோடு சேர்ந்து செய்தார்கள். அதில் லெவல் ஏறும்போது 12 புள்ளிகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள், விரும்பிய தகுதிகளுக்குப் பிரித்துக் கொள்ளலாம். முக்கியமில்லாத திறமைகள் ஏறினாலும் லெவலுக்குக் கணக்கில் சேரும். நோட்டு வேண்டாம், பேனா வேண்டாம், நண்டிடம் அடி வாங்கி நிற்க வேண்டாம். 2006-ல் நன்றி கெட்டவன் என்று திட்டு வாங்கியவன் கேட்டது இதைத்தான். 19 வருடம் ஆகியிருக்கிறது. அன்று கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடியவன் இன்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து ஆடுகிறான்.

கொள்ளையன் விஷயம் மட்டும் புது ஆப்லிவியனிலும் பெரும்பாலும் பழைய மாதிரிதான். கூடவே புதிதாக ஒரு குறையும் முளைத்தது. கஷ்ட அளவில் நடு நிலையிலிருந்து ஒரு படி மேலே போனால் ஏதோ பத்துப் படி தாண்டின மாதிரி இருக்கிறது என்றார்கள். இந்த முறை 19 வருடம் ஆகவில்லை. 2025 ஜூலையில் வந்த அப்டேட்டில் இரண்டுக்கும் நடுவே ஜர்னிமேன் என்று புதிய நிலை ஒன்றைச் சேர்த்தார்கள். கொடுக்கும் அடிக்கும் வாங்கும் அடிக்கும் தனித்தனி ஸ்லைடரும் வந்தது. மூன்று மாதத்தில் முடிகிற காரியம்தான் இது. அப்படியானால் முன்பு இத்தனை வருடம் எதற்கு?

(அந்த ரீமாஸ்டர்டின் 10 டாலர் கூடுதல் விலைப் பதிப்பில் என்ன ஸ்பெஷல் என்கிறீர்களா? மற்ற ஐட்டங்களோடு குதிரைக் கவசம். தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் தைரியத்தையாவது பாராட்டலாம். அதற்கும் காசு வாங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்!)

கேம் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்குபவன், பணத்தோடு நூறு மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறான். பணம் இன்னொரு மாதம் வரும், அந்த நேரம் வராது. பரீட்சைக்குப் படிக்காமல் எடுத்த நேரம், தூக்கத்தில் திருடிய நேரம். அதற்குப் பதிலாக அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான், உழைத்தால் முன்னேறலாம் என்ற நம்பிக்கை. நிஜ உலகத்தில் அதற்கு உத்தரவாதம் கிடையாது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தானே கேமுக்கே வருகிறான்? அங்கேயும் விலைவாசி துரத்தினால் அவன் எங்கே போவான்?

அடுத்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரப் போகிறது என்று 2018-லேயே அறிவித்துவிட்டார்கள். அது வந்த முதல் வாரமே யாராவது ஒருவன் நோட்டுப் போட்டு எழுதி, இந்தக் கணக்கு எங்கோ இடிக்கிறது என்று சொல்லத்தான் போகிறான். அவனை வாயை மூடு என்று விரட்டுவதற்கு முன்னால், அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.